பாலுசரியும் காஞ்சிப் பட்டும்: நெய்தவர் பெயர் எங்கே?

மலர்க் குழுவினர் "இந்த வருடமும் ஒரு கட்டுரை தர வேண்டும்" என்று கேட்டபோது, வழக்கம்போலக் கல்வெட்டைப் பற்றியோ சிந்தாமணியைப் பற்றியோ எழுதிவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். நாற்பது வருடத்துக்கு மேலாக எனக்குச் சோறு போட்டது சேலை. அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லையே! ஆகவே இம்முறை துணியைப் பற்றி எழுதுகிறேன். நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, 1981-இல் ஹவுரா ஸ்டேஷனில் வந்து இறங்கியவன். மற்றதெல்லாம் நூலகத்திலும் மியூசியத்திலும் படித்தும் பார்த்தும் கேட்டும் சேர்த்துக்கொண்டது. பிழை இருந்தால் கற்றறிந்தவர்கள் பொறுத்துத் திருத்த வேண்டுகிறேன்.

ஒரு மூதாட்டியின் கேள்வி

அப்போது எனக்குக் கடை கிடையாது. ஆரணிப் பட்டு, காஞ்சிப் பட்டு, மதுரைச் சுங்குடி எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ் வீடுகளுக்கும், நம் ஜாதவ்பூர் காலனி வீடுகளுக்கும் நடையாய் நடப்பேன். பிஜய்கட், ஆசாத்கட் முதலான காலனிகள் 1947 பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வீடு வாசல் இழந்து வந்தவர்கள் எழுப்பியவை. அங்கே ஒரு வீட்டில் வயதான அம்மையார் ஒருவர் நான் விரித்த சேலையைக் கையில் எடுத்து, கரையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதை நெய்தது யாரப்பா?"

"காஞ்சிபுரத்துச் சரக்கு மாஷிமா. அசல் பட்டு" என்றேன்.

"நான் ஊரைக் கேக்கலை, ஆளைக் கேட்டேன். எங்க டாங்காயில்ல புடவையைப் பார்த்ததும் இது எந்த பசாக் வீட்டுத் தறின்னு சொல்லிடுவோம்."

எனக்குப் பதில் தெரியவில்லை. விலையைச் சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். அவர் சேலையை வாங்கிக்கொண்டார். ஆனால் அந்தக் கேள்வி என்னோடேயே வந்துவிட்டது. அதற்கு உரிய பதிலை நான் பிற்பாடு கண்டது ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்.

ஜாதுகரில் ஒரு சேலை

சௌரங்கியில் உள்ள இந்தியன் மியூசியத்தை இங்குள்ளவர்கள் 'ஜாதுகர்' என்பார்கள். 1814-இல் ஏஷியாடிக் சொசைட்டியில் தொடங்கி, 1878-இல் இன்றைய கட்டடத்தில் திறக்கப்பட்டது. ஜாதவ்பூர்க்காரர்கள் காளிகாட் போய் மெட்ரோ ஏறினால் பார்க் ஸ்ட்ரீட்டில் இறங்கி நடக்கும் தூரம்தான். அதன் கலைப் பிரிவுத் தொகுப்பில் பாலுசரிச் சேலைகள் உள்ளன. எந்த நாளில் எது காட்சியில் இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஏனென்றால் பழந்துணிக்கு வெளிச்சமே விரோதி. சாயம் வெளுக்கும், இழை நொறுங்கும். ஆகவே உலகெங்கும் மியூசியக்காரர்கள் துணி வைத்த இடத்தில் விளக்கை 50 லக்ஸ் அளவுக்கு மங்கலாக வைப்பார்கள். கொஞ்ச காலம் காட்டிவிட்டு மீண்டும் இருட்டறைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். "என்ன சார், லைட்டே போடலையே" என்று நாம் குறைப்படுவது அந்தத் துணியின் ஆயுளுக்காகத்தான்.

பாலுசரி என்றால் என்ன? காஞ்சிப் பட்டு பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு அது முதலில் சாதுவாகத்தான் தெரியும். ஜரிகை கிடையாது. கத்தரிப்பூ நிறம், குங்குமச் சிவப்பு, கருநீலம் போன்ற ஆழ்ந்த நிறத்தில் மெல்லிய பட்டு. உடலில் சின்னச் சின்னப் புட்டா. மனிதனின் கைத்திறன் முழுவதும் முந்தானையில் இருக்கும். நடுவில் பெரிய மாங்காய், அதை இங்கே 'கல்கா' என்பார்கள். அதைச் சுற்றிக் கட்டம் கட்டமாக உருவங்கள்: ஹூக்கா பிடிக்கும் நவாப், பூவை முகரும் பெண், குதிரை மேல் துப்பாக்கியோடு ஒருவன், தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள். பிற்காலத்துச் சேலைகளில் ரயில் பெட்டியும் நீராவிக் கப்பலும்கூட உண்டு. தங்கள் காலத்தில் ஊருக்குள் என்ன புதிதாக வந்ததோ, அதை அப்படியே தறியில் ஏற்றியிருக்கிறார்கள்.

பாலுசர் என்பது பாகீரதிக் கரையில் இருந்த ஊர். இன்று முர்ஷிதாபாத் மாவட்டத்து ஜியாகஞ்ச். 1704-இல் முர்ஷித் குலி கான் தலைநகரை டாக்காவிலிருந்து மாற்றிக்கொண்டு வந்தபின் அந்த வட்டாரம் செழித்தது. நவாப் வீட்டார், ஜமீன் வீட்டார், பெரு வணிகர் வீட்டார் எல்லோரும் வாங்கினார்கள். அந்த வணிகர்களில் பலர் ராஜஸ்தானத்திலிருந்து வந்து குடியேறிய ஓஸ்வால் ஜைனர்கள். ஜகத் சேட் குடும்பம் அவர்களில் பேர்பெற்றது. ஜியாகஞ்ச், அஸிம்கஞ்ச் இரண்டு ஊரிலும் அவர்கள் கட்டிய ஆலயங்களை இன்றும் பார்க்கலாம். காட்கோலாத் தோட்டத்து ஆதிநாதர் ஆலயத்தில் நின்றபோது எனக்கு ஒரு எண்ணம். அவர்கள் சுவேதாம்பரர், தென்னாட்டு நயினார்களாகிய நாங்கள் திகம்பரர். அவர்கள் வடக்கே இருந்து வந்தவர்கள், நான் தெற்கே இருந்து வந்தவன். ஆனால் இருவரும் வங்காளத்துக்குப் பிழைக்க வந்த வியாபாரிகள். பட்டை வாங்கியவர்கள், விற்றவர்கள். நெய்தவர்கள் வேறு.

கயிற்றில் கட்டிய கோலம்

இவ்வளவு உருவங்களை எப்படி நெய்தார்கள் என்பதை விளக்க வேண்டும். சாதாரணத் துணியில் பாவு நூல் நெடுக்கே, ஊடு நூல் குறுக்கே. ஒன்று விட்டு ஒன்று பாவு நூலைத் தூக்கி நாடாவை ஓட்டினால் துணி. பூ வேண்டுமானால் எந்த இடத்தில் எந்தப் பாவு நூலைத் தூக்குவது என்று ஒவ்வொரு வரிக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் புள்ளிக் கோலம் போடுவார்கள் அல்லவா? 15 புள்ளி, 15 வரிசை என்று மனசில் கணக்கு இருக்கும். அதே கணக்கை ஆயிரக்கணக்கான பாவு நூலுக்குப் போட்டுப் பாருங்கள்.

அந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதவில்லை. கயிற்றில் கட்டினார்கள். தறிக்கு மேலே தொங்கும் நூல்களில் குறுக்கு நூல்களைக் கோத்து, "இந்த வரிக்கு இந்தக் கொத்து" என்று முடிச்சுப் போட்டு வைப்பார்கள். இங்கே அதற்கு 'ஜாலா' என்று பெயர். அதைக் கட்டுபவர் நக்ஷாபந்த். ஒரு டிசைன் கட்டி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். நெய்யும்போது உதவியாள் ஒருவர் கொத்துக் கொத்தாக இழுத்துக் கொடுப்பார், நெசவாளர் முறுக்காத வண்ணப் பட்டு இழையை ஊடே ஓட்டுவார். நம் காஞ்சிபுரத்திலும் இதே வகை ஏற்பாடு இருந்தது. அதற்கு 'அடை' என்று பெயர். மயில்கண், ருத்ராட்சம், தாழம்பூ ரேக்கு, இருதலைப்பட்சி எல்லாம் அடையில் கட்டி நெய்யப்பட்டவைதான்.

இதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. கணக்கு முழுவதும் ஒரு ஆளின் தலைக்குள்ளும், தறியில் தொங்கும் கயிற்றுக்குள்ளும் இருக்கிறது. ஆள் போய், கயிறும் இற்றுப்போனால் கலையும் போயிற்று.

துப்ராஜ் தாஸ்

பாலுசரிக்கு அதுதான் நடந்தது. நவாபுகளின் செல்வாக்கு போயிற்று. கம்பெனிக்காரர்களுக்கு வேண்டியது கச்சாப் பட்டு. உருவம் நெய்த சேலையில் அவர்களுக்கு அக்கறை இல்லை. ஆற்று வெள்ளத்தால் பாலுசரே பாழ்பட்டு, நெசவாளர்கள் பக்கத்து ஊர்களுக்குப் போனார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அந்த வேலையை முழுமையாக அறிந்தவர் என்று சொல்ல மீர்பூர்-பகதூர்பூரில் ஒருவர்தான் மிச்சம். பெயர் துப்ராஜ் தாஸ். 1903-இல் அவர் காலமானார். வங்காளப் பட்டுத் துணிகளைப் பற்றி நித்யகோபால் முகர்ஜி எழுதிய நூல் வெளிவந்ததும் அதே 1903-இல்தான். நூல் வந்த வருடம், நெய்தவர் போனார்.

துப்ராஜ் தாஸ் ஒரு காரியம் செய்திருந்தார். சித்திரக்காரன் படத்தின் மூலையில் கையெழுத்துப் போடுவதுபோல, தான் நெய்த சில சேலைகளில் தன் பெயரை எழுத்தாகவே நெய்து வைத்தார். பட்டில் பெயர் எழுதுவதும் லேசான வேலை அன்று. ஒவ்வொரு எழுத்துக்கும் ஜாலாவில் முடிச்சுக் கணக்கு வேண்டும். மாஷிமா கேட்ட கேள்விக்குப் பதில் இங்கே இருந்தது: "நெய்தது யார்?" "துப்ராஜ் நெய்தது." எந்த மியூசியத்திலும் பழந்துணியின் கீழே உள்ள சீட்டைப் படித்துப் பாருங்கள். இடம், காலம், பொருள் எழுதியிருக்கும். ஆள் பெயர் அநேகமாக இருக்காது. துப்ராஜைப் போலத் தம் பெயரைத் தாமே வைத்தவர்கள்தான் தப்பினார்கள்.

பெண்கள் கைவேலையில் இன்னொரு உதாரணம் உண்டு. ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த குருசதய் தத் (1882–1941) வங்காளக் கிராமங்களில் தேடிச் சேர்த்த கந்தாக்கள் ஜோக்காவில் உள்ள குருசதய் அருங்காட்சியகத் தொகுப்பில் இருக்கின்றன. கந்தா என்பது பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுச் செய்யும் விரிப்பு. அதில் மானதாசுந்தரி என்ற பெண்மணி தன் தகப்பனாருக்காகத் தைத்த கந்தா ஒன்று மிகவும் புகழ்பெற்றது. தன் பெயரையும் அதை யாருக்குச் செய்தாள் என்பதையும் ஊசியாலேயே எழுதிவிட்டாள். அதனால்தான் அவளை இன்று பெயர் சொல்லி நினைக்க முடிகிறது.

விஷ்ணுபூரில் மறுபிறப்பு

துப்ராஜுக்குப் பின் சுமார் ஐம்பது வருடம் பாலுசரி என்பது பெட்டிகளிலும் கண்ணாடிக்குள்ளும் மட்டும் இருந்தது. 1950-களில் தாகூர் குடும்பத்து ஓவியர் சுபோ தாகூர், கல்கத்தாவில் இருந்த வட்டார டிசைன் மையத்தில் பொறுப்பில் இருந்தபோது, பாங்குரா மாவட்டத்து விஷ்ணுபூரைச் சேர்ந்த நெசவாளர் அக்ஷய்குமார் தாஸை அழைத்தார். பழைய பாலுசரியை முன்னால் வைத்துக்கொண்டு அதை ஜக்கார்டில் ஏற்றும் வேலை நடந்தது. விஷ்ணுபூரின் பட்டு கதர் சேவா மண்டல் கைகொடுத்தது. இன்று கடைகளில் நாம் பார்க்கும் பாலுசரி அந்த முயற்சியின் வாரிசு. 2011-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஜக்கார்டு என்பது 1804-ஐ ஒட்டிப் பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் உருவானது. கயிற்று முடிச்சுக்குப் பதில் ஓட்டை போட்ட அட்டை. ஓட்டை இருந்தால் ஒரு வகை, இல்லாவிட்டால் வேறு வகை என்று ஊசி நகர்ந்து, தூக்க வேண்டிய பாவு நூலை மட்டும் தூக்கும். நம் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் 1, 0 என்று படிக்கிறார்களே, அதற்குத் தாத்தா இந்த அட்டை. இழுத்துக் கொடுக்க ஆள் தேவையில்லை. கணக்கு ஒரு ஆளோடு போகாது. அட்டையைப் பத்திரப்படுத்தலாம், நகல் எடுக்கலாம்.

ஆனால் எல்லாம் திரும்பி வரவில்லை. விஷ்ணுபூர்க்காரர்கள் தங்கள் ஊர்ச் சுடுமண் கோயில்களைப் பார்த்து ராமாயண, பாரதக் காட்சிகளை முந்தானையில் ஏற்றினார்கள். அது அவர்கள் உரிமை, அழகாகவும் இருக்கிறது. ஜரிகை போட்டதற்கு ஸ்வர்ணசரி என்று பெயர் வந்தது. ஆயினும் ஹூக்கா நவாபும் ரயில் பெட்டியும் நெய்த அந்தப் பழைய நெசவின் நயமும், ஜாலா கட்டும் கைப்பழக்கமும் ஒரு தலைமுறை விட்டுப்போனதால் அறுந்த இழைதான். மியூசியம் இல்லாவிட்டால் இவ்வளவும்கூட வந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். பழைய சேலையை யாரோ ஒருவர் கிழித்துப் போடாமல் வைத்திருந்ததால்தான் அக்ஷய்குமார் தாஸுக்குப் பார்த்து நெய்ய ஒரு சேலை கிடைத்தது.

காஞ்சியில் இன்று

"இது வங்காளிக் கதை, நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். நம் வீட்டுக் கதையும் இதேதான். காஞ்சிபுரத்தில் அடை போய் ஜக்கார்டு வந்துவிட்டது. அதைக்கூட விடுங்கள், கோர்வை இருக்கிறதே, அதைச் சொல்கிறேன். காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேரும் கோட்டில் நிறம் கலக்காமல் கத்தி வைத்து வெட்டினாற்போல் இருக்கும். அதற்கு மூன்று நாடா வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரு கரைக்கும் ஒவ்வொன்று. ஒவ்வொரு ஊட்டிலும் உடல் இழையும் கரை இழையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். இதைத் தனி ஆளாகச் செய்வது கடினம். குழித்தறியில் நெசவாளர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். முன்பு வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். இன்று பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அது சந்தோஷப்பட வேண்டிய செய்தி. குழந்தை தறியில் உட்காராததால் கோர்வை குறைந்தது என்று வருத்தப்பட யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்த இடத்தில் உட்காரும் பெரிய ஆளுக்குக் கூலி யார் கொடுப்பது? வாங்குகிற நாம் கொடுக்க வேண்டும். கொடுக்க மனமில்லாமல் "டிஸ்கவுண்ட் உண்டா?" என்று கேட்கிறோம். கோர்வை இல்லாத கரை கொஞ்ச விலையில் கிடைக்கிறது, விசைத்தறிச் சேலை அதைவிட மலிவாகக் கிடைக்கிறது. எடுத்துக்கொண்டு போகிறோம்.

கணக்கும் அதையே சொல்கிறது. 2009-10 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் நெசவும் அதைச் சார்ந்த வேலையும் செய்தவர்கள் 43.31 லட்சம் பேர். 2019-20-இல் 35.22 லட்சம். அவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் பெண்கள். 2020-இல் அகில இந்தியக் கைத்தறி வாரியமும் கலைக்கப்பட்டது.

இன்னொரு செய்தி. 1905 ஆகஸ்ட் 7 அன்று இதே கல்கத்தா டவுன் ஹாலில் சுதேசி இயக்கம் அறிவிக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1906-இல் தேசியக் கல்விக் கழகம் தோன்றியது. அதன் வழித்தோன்றல்தான் 1955-இல் உருவான நம் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம். அதே 1906-இல் தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். அந்த ஆகஸ்ட் 7-ஐ நினைவுகொண்டு 2015 முதல் தேசியக் கைத்தறி நாள் கொண்டாடப்படுகிறது. முதல் விழா சென்னையில் நடந்தது. நாம் 8பி பஸ் ஸ்டாண்டில் தினமும் பஸ்ஸுக்கு நிற்கும் இடம் கைத்தறியோடு இவ்வளவு உறவுடையது.

டாங்காயில் சேலைக்கும் செய்தி உண்டு. மாஷிமா சொன்ன அந்த பசாக் நெசவாளர்கள் பலர் பிரிவினைக்குப் பின் நதியா மாவட்டத்துப் புலியாவில் குடியேறித் தறி போட்டார்கள். 2024 ஜனவரியில் வங்காள டாங்காயிலுக்கு இந்தியாவில் புவிசார் குறியீடு கிடைத்ததும், "ஊர் எங்களுடையது" என்று பங்களாதேஷ் எதிர்ப்புச் சொல்லித் தானும் ஒன்று பதிவு செய்தது. ஊர் அங்கே இருக்கிறது, ஊர்க்காரர்களில் பாதிப்பேர் இங்கே இருக்கிறார்கள். மண்ணை விட்டு வந்த நமக்கு இந்த வழக்கின் வலி நன்றாகப் புரியும்.

முத்திரைகள் சொல்வதும் சொல்லாததும்

சேலையில் தொங்கும் முத்திரைகளைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். 2004-இல் வந்த சில்க் மார்க், இது சுத்தமான பட்டு என்று சொல்லும். கைத்தறியா விசைத்தறியா என்று சொல்லாது. 2006-இல் வந்த ஹேண்ட்லூம் மார்க், கையால் நெய்தது என்று சொல்லும். புவிசார் குறியீடு, இன்ன வட்டாரத்து இன்ன முறைப்படி நெய்தது என்று சொல்லும். மூன்றும் அவசியம். கேட்டு வாங்குங்கள். ஆனால் "நெய்தது யார்?" என்ற கேள்விக்கு மூன்றிலும் பதில் இல்லை. 1935-இல் தொடங்கிய நம் கோ-ஆப்டெக்ஸ், 2010-களில் சில சேலைகளோடு நெய்தவரின் படமும் பெயரும் போட்ட அட்டை வைத்தது. துப்ராஜ் தாஸ் நூற்றாண்டுக்கு முன் பட்டில் செய்ததை இவர்கள் அட்டையில் செய்தார்கள். மற்றவர்களும் செய்யலாம்.

என் கணக்குப் புத்தகம்

ஊருக்கு உபதேசம் சொல்பவன் தன் குற்றத்தையும் சொல்ல வேண்டும். ஆரணிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு முதலியார் நெய்த சேலைகள் இடையாள் மூலமாக எனக்குப் பல வருடம் வந்தன. மயில்கண் கரையில் அவர் ஒரு பச்சை வைப்பார். அதுபோல வேறு யாரும் வைத்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை ஊருக்குப் போனபோது அவரை நேரில் பார்த்தேன். "நயினாரே, நம்ம புடவையைக் கல்கத்தாவுல யாரு கட்டுறாங்க?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டு, "எல்லாரும் கட்டுறாங்க முதலியார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவரும் மாஷிமா கேட்ட அதே கேள்வியைத்தான் மறுமுனையிலிருந்து கேட்டார். இருவருக்கும் நடுவில் நின்றவன் நான். இருவருக்கும் நான் பதில் சொல்லவில்லை.

சில வருடம் கழித்து அதே பச்சைக் கரை வேண்டுமென்று ஒரு வாடிக்கைக்காரர் கேட்டார். கணக்குப் புத்தகத்தைப் புரட்டினேன். நிறம், எடை, விலை, கட்டு எண் எல்லாம் இருந்தது. பெயர் இல்லை. இருபது வருடத்துக் கணக்கில் ஒரு பக்கத்திலும் நெய்தவர் பெயர் இல்லை. ஊருக்கு எழுதிக் கேட்டதில், அவர் தறியைப் பிரித்துவிட்டு வாட்ச்மேன் வேலைக்கு வெளியூர் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பச்சையை எந்தச் சாயத்தில் எடுத்தார், எப்படி வைத்தார் என்பதும் அவரோடு போயிற்று.

இன்னொரு கேள்வியும் என்னிடம் கேட்பார்கள்: "சமணராயிற்றே, பட்டு விற்கலாமா?" ஒரு சேலைக்கான பட்டுக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வெந்நீரில் போகின்றன. என் தகப்பனார் பருத்தி மட்டுமே விற்றார். காஞ்சிக்குப் பக்கத்தில் எங்கள் தீர்த்தங்கரர் ஆலயம் உள்ள ஊரின் பெயரே திருப்பருத்திக்குன்றம்! குசுமா ராஜையா என்பவர், அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியேறிய பின் நூல் எடுக்கும் அகிம்சைப் பட்டை முன்னெடுத்தார். அது நல்ல வழி, ஆனால் விலை அதிகம், பளபளப்பும் வேறு. நான் பட்டு விற்றுத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். இதற்கு நியாயம் கற்பிக்க மாட்டேன். அத்தனை உயிரையும் அத்தனை உழைப்பையும் தின்று வந்த பொருளை நாலு தடவை கட்டிவிட்டுத் தூக்கிப் போடக் கூடாது; நெய்தவரின் பெயரையும் தொலைக்கக் கூடாது என்பது மட்டும் எனக்கு உறுதி.

வீட்டில் செய்யக்கூடியவை

இதைப் படிக்கும் ஒவ்வொரு வீட்டிலும் பாட்டியின் கூறைப்புடவை ஒன்றாவது இருக்கும். அதுவே உங்கள் வீட்டு மியூசியம். பிளாஸ்டிக் உறையில் வைக்காதீர்கள். ஈரம் உள்ளே நின்றுவிடும். துவைத்துத் துவைத்துக் கஞ்சி போன வெள்ளை வேட்டித் துணியில் சுற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே பட்டு விட்டுப்போகும். ரசகற்பூர உருண்டையைச் சேலையில் படும்படி போடாதீர்கள், ஜரிகை மேல் சென்ட் அடிக்காதீர்கள். கல்கத்தா மழைக்காலத்து ஈரம் நமக்குத் தெரிந்ததுதான். துர்கா பூஜை முடிந்து காற்று உலர்ந்த பிறகு ஒரு நாள் நிழலில் விரித்து ஆற விட்டு எடுத்து வையுங்கள்.

கடைசியாக, இதுதான் முக்கியம். வெள்ளைப் பருத்தி நாடாவில் பென்சிலால் நாலு வரி எழுதுங்கள்: யாருடைய சேலை, எந்த வருடம், எந்த ஊர், தெரிந்தால் நெய்தவர் பெயர். அதைச் சேலையின் உள்முனை ஓரத்தில் லேசாக நாலு தையல் போட்டு வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். இனிமேல் சேலை வாங்கும்போது கடைக்காரரிடம், "இது யார் நெய்தது?" என்று ஒருமுறை கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்காது. பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்காக அவர் தெரிந்துவைத்துக்கொள்வார். ஒரு மாஷிமா ஒருமுறை கேட்டதற்கே நான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

இப்போது கடையை என் மகன் பார்க்கிறான். சென்ற வருடத்திலிருந்து கணக்குப் புத்தகத்தில் ஒரு பத்தி கூடுதலாகக் கோடு போட்டிருக்கிறோம். கட்டு எண்ணுக்குப் பக்கத்தில் நெய்தவர் பெயர். இடையாட்கள் முதலில் முணுமுணுத்தார்கள், "எதுக்கு நயினார் இதெல்லாம்?" என்றார்கள். இன்னும் பாதிப் பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. மீதிப் பாதியில் பெயர் இருக்கிறது.